பதினேழாம் கேள்வி

ஒன்பது பாடம். எட்டில் தேறியிருந்தேன்,
தமிழில் ஏ, கணக்கில் சி.
செஜாராவில் மட்டும் ஜி.
யாரும் மரியாதைக்குச் சேர்த்த ஜி இல்லை அது.
மலாயும் செஜாராவும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ்;
தேறாதவர்களுக்கு ஒரு மெல்லிய தாள்,
என்னென்ன வாங்கினாய் என்று எழுதியிருக்கும்,
முடித்தாய் என்று எழுதியிருக்காது.

பன்னிரண்டு வருடம் அந்தத் தாளை
ஐ.சி. நகலோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன்.
பாயான் லெப்பாஸில்
மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார அது போதும்.
லைன் லீடர் நாற்காலிக்குப் போதாது.
இரண்டு தடவை விண்ணப்பித்தேன்.
இரண்டு தடவையும் காக் ஹஸ்னாதான் ஃபாரத்தைத் திருப்பித் தந்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அன்றைக்கு எனக்கும் சேர்த்து கோப்பி ஓ வாங்கி வந்தாள்.

சிப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லாவிட்டால் நீலம்.
சிவப்பில் விழுந்த எல்லாவற்றையும் வீசிவிட மாட்டோம்.
சிலதுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி ரீவொர்க்குக்கு அனுப்புவோம்.
ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும்,
சீட்டை ஒட்டிய விரல் அப்படியே நின்றது.
அடுத்த வாரம் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

படித்தது லாட் எண்களில்.
1511 வந்தால் மலாக்கா விழும்.
1786 வந்தால் எங்கள் தீவில் வெள்ளைக்காரன் கொடி ஏறும்.
1946, யூனியன்; இரண்டு தட்டு தள்ளி 1948, அது கலைந்தது.
0957 என்று ஒரு லாட் வந்தது,
சுதந்திரத்துக்கு ஆயிரம் வருடம் குறைச்சல்.
அதில் கீறலும் இருந்தது.
கொஞ்சம் தயங்கித்தான் சிவப்பில் போட்டேன்.

ஜெலுத்தோங்கில் ஒரு பள்ளி மண்டபம்.
வாசலில் நின்ற ஆசிரியர்
“பெற்றோர் வெளியே காத்திருக்கலாம், புவான்” என்றார்.
சீட்டை நீட்டினேன்.
கோகிலவாணி த/பெ முனியாண்டி, தனிப்பட்ட மாணவி.
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படத்தை,
கீறல் தேடுகிறவர் மாதிரி.
நீலம். உள்ளே போனேன்.

பிற்பகல் தாளில் ரப்பர் வந்தது.
அந்தத் தொழில் வளர மூன்று காரணம் எழுது.
மோட்டார் கார் பெருகியது, எழுதினேன்.
நிலத்தைச் சலுகையில் கொடுத்தார்கள், எழுதினேன்.
வெளியிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள்
என்று எழுதும்போது பேனா கொஞ்சம் மெதுவாகப் போனது.
கப்பலில் வந்த என் பூட்டன்
மூன்றாவது காரணம்.
ஒரு மதிப்பெண்.

வெளியே வந்தால் அந்தப் பையன், ஜுன் ஹாவ், வயது பதினெட்டு.
இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து
முழு நேரமும் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தவன்.
“பதினேழு, பி தானே காக்?”
சி என்றேன்.
பி என்றான்.
பேருந்து நிறுத்தம்வரை ஏற்றிக்கொண்டேன்;
உபரி ஹெல்மெட் அவன் தலைக்குப் பத்தவில்லை.
சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து,
மலாயில், காரணங்களோடு: பி.
பச்சை விழுந்தது.
சி என்று கத்தினேன், காற்று வாங்கிக்கொண்டது.

ராத்திரி சிஃப்டுக்கு மணி அடிக்க ஐந்து நிமிடம்.
லாக்கர் கதவுக்குப் பின்னால் நின்று
புத்தகத்தைப் பிரித்தேன். பக்கம் உடனே கிடைத்தது.

பி.

“என்னடி சிரிக்கிறே?” என்றாள் பக்கத்து லாக்கர் பரமேஸ்வரி.
தலைக்குல்லாவை மாட்டிக்கொண்டேன்.
ஒன்றுமில்லை,
இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது.